காஷ் ஆறு: மூன்று மாத வெள்ளம், ஒன்பது மாத மணல் – வாசகர் கேள்வி பதில்

கிழக்குச் சூடானில் கஸ்ஸலா நகரத்தின் நடுவே ஓடும் காஷ் ஆற்றைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கடலைச் சேராமல், நைல் நதியையும் எட்டாமல், பாலைவன ஓரத்தில் விசிறிபோல் விரிந்து மண்ணுக்குள் அடங்கிவிடும் ஆறு இது. கேள்விகளில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை. எங்கள் பதில்கள் அடிக்கடி வண்டலில் வந்து நிற்கும். இந்த ஆற்றங்கரையில் எந்த நிலம் விளையும், எந்த வாய்க்கால் தூர்ந்துபோகும், எந்தத் தெருவில் வெள்ளம் புகும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது வண்டல்தான்.

கேள்வி: ஒரு வரைபடத்தில் மெரெப் என்றும் இன்னொன்றில் காஷ் என்றும் போட்டிருக்கிறது. இரண்டும் ஒரே ஆறுதானா? எங்கே போய் முடிகிறது?

ஒரே ஆறுதான். எரித்திரியாவின் தலைநகர் அஸ்மராவுக்குத் தெற்கே, கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டரைத் தாண்டிய மேட்டுநிலத்தில் பிறக்கிறது. அங்கே அதற்கு மெரெப் என்று பெயர். தெற்கே இறங்கி மேற்கே திரும்பி, எரித்திரியாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் இடையே நெடுந்தூரம் எல்லைக்கோடாக ஓடுகிறது. தாழ்நிலத்துக்கு வந்ததும் காஷ் என்ற பெயர் வந்துவிடுகிறது. எரித்திரியாவின் மேற்கு எல்லையில் உள்ள தெசெனெய் ஊரைக் கடந்து சூடானுக்குள் நுழைந்து, வடக்கே வளைந்து கஸ்ஸலாவை அடைகிறது. கஸ்ஸலாவின் உயரம் சுமார் 500 மீட்டர். நீர்ப்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 21,000 சதுர கிலோமீட்டர்.

கஸ்ஸலாவுக்கு வடக்கே ஆறு பல கிளைகளாகப் பிரிகிறது. சரிவு குறையக் குறைய வேகமும் குறைகிறது. சுமந்துவந்த வண்டலைப் போட்டுவிட்டுத் தண்ணீர் பரவி வற்றுகிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த உள்நாட்டு டெல்டாதான் ஆற்றின் முடிவு. கடைமுனைக்குப் போய்ச் சேரும் மிச்சத் தண்ணீரில் புல்லும் வேலமரக் காடும் தழைக்கின்றன. அது வீணாகப் போகும் நீர் என்று எண்ணக் கூடாது. ஒட்டகமும் ஆடும் வளர்க்கும் ஹதெந்தோவா மக்களுக்கு வறண்ட மாதங்களின் மேய்ச்சல் நிலம் அதுதான்.

மழை மிகுந்திருந்த பழங்காலத்தில் இந்த ஆறு மேற்கே ஓடி, நைலின் துணையாறான அத்பராவில் கலந்திருக்கிறது. கஸ்ஸலாவை ஒட்டி நிற்கும் தாக்கா குன்றின் அடிவாரத்தில் மஹால் தெக்லினோஸ் என்ற இடத்தில் நடந்த அகழாய்வு, பொது ஆண்டுக்கு முன் 3ஆம், 2ஆம் ஆயிரமாண்டுகளில் இங்கே பெரிய குடியிருப்பு இருந்ததைக் காட்டியது. ஆற்றின் போக்கு மாறினாலும் மக்கள் இந்தப் பகுதியை விட்டுவிடவில்லை.

கேள்வி: ஆண்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் வரும்? எவ்வளவு வரும்?

ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ முதல் வெள்ளம் கஸ்ஸலாவைத் தொடும். செப்டம்பர் முடியும்போதோ அக்டோபர் தொடக்கத்திலோ ஓட்டம் நின்றுவிடும். ஆக, எண்பது முதல் நூறு நாள். மற்ற மாதங்களில் ஆற்றுப்படுகை வெறும் மணல். மக்கள் அதன்மேல் நடந்தும் வண்டி ஓட்டியும் கடக்கிறார்கள்.

மொத்த நீர் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறும். சில ஆண்டு 20 கோடி கன மீட்டரைக்கூட எட்டாது. சில ஆண்டு 100 கோடியைத் தாண்டும். சராசரி 65 முதல் 70 கோடி கன மீட்டர் என்று கணக்கிடப்படுகிறது. இந்தச் சராசரியை வைத்துப் பயிர்த்திட்டம் போடக் கூடாது என்பது முதல் பாடம். பத்து ஆண்டில் சராசரிக்கு நெருங்கி வரும் ஆண்டுகள் சிலவே.

மேட்டுநிலத்தில் மண் மெலிது, சரிவு செங்குத்து, மரம் குறைவு. பிற்பகலில் அங்கே கொட்டும் மழை ஊறி நிற்க இடமில்லாமல் அப்படியே ஓடிவருகிறது. அதனால் வெள்ளம் சீராக ஏறி இறங்காமல் அலையலையாக வரும். சில மணி நேரத்தில் உச்சம் தொட்டு, மறுநாளே பாதியாகக் குறையும். நகருக்குத் தெற்கே உள்ள அளவு நிலையத்தில் நீர்மட்டம் ஏறினால், கீழே உள்ள மதகுக்காரர்களுக்கும் நகரத்துக்கும் கிடைப்பது சில மணி நேர அவகாசம் மட்டுமே.

கேள்வி: அணை இல்லாமல் எப்படிப் பாசனம் செய்கிறார்கள்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

வெள்ளம் வரும்போதே அதைத் திருப்பி நிலத்தில் பாய்ச்சி, மண்ணையே நீர்த்தேக்கமாக்கும் முறை இது. ஆற்றை முழுதாக மறிக்கும் அணை கிடையாது. கரையில் கட்டிய தலைமதகுகள் வழியாக முதன்மைக் கால்வாய்களில் தண்ணீர் இறங்கும். கஸ்ஸலா, மெகலி, தெகெய்ன், தெந்தலாய், மெத்ததெய்ப், ஹதாலியா என்று தெற்கிலிருந்து வடக்காக ஆறு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் ‘மிஸ்கா’ என்ற நீண்ட நிலப்பட்டைகள் உண்டு. ஒரு மிஸ்கா பல நூறு ஃபெதானிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் போகும். ஒரு ஃபெதான் 4,200 சதுர மீட்டர்.

வேலை மே மாதமே தொடங்குகிறது. கால்வாய்களில் தூர் வார வேண்டும், மதகுக் கதவுகளைப் பழுதுபார்க்க வேண்டும், அந்த ஆண்டு பாயப்போகும் மிஸ்காக்களின் பக்க வரப்புகளை உயர்த்த வேண்டும், புதர் வெட்ட வேண்டும். முதல் வெள்ளத்தைப் பெரும்பாலும் உள்ளே விடக் கூடாது. ஒன்பது மாதம் காய்ந்து கிடந்த சரிவுகளைக் கழுவிக்கொண்டு வரும் அந்த நீரில் வண்டலும் சுள்ளியும் மிக அதிகம். அது போன பிறகு மதகைத் திறந்து, மிஸ்காவின் மேல்முனையில் தண்ணீரை விடுவார்கள். நிலத்தின் இயற்கைச் சரிவு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். அந்தச் சரிவில் தண்ணீர் தானாகப் பரவி இறங்கும். பாத்தி கிடையாது, உள்வரப்பும் மிகக் குறைவு.

ஒரு மிஸ்காவுக்கு மூன்று முதல் நான்கு வாரம் தொடர்ந்து தண்ணீர் போக வேண்டும். ஆயிரம் ஃபெதான் என்றால் 42 லட்சம் சதுர மீட்டர். விநாடிக்கு 2 கன மீட்டர் வீதம் 25 நாள் விட்டால் 43 லட்சம் கன மீட்டர் சேரும்; நிலம் முழுதும் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் கொடுத்ததற்குச் சமம். இவ்வளவு தேவையா என்று தோன்றும். சோள வேர் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் ஆழம் போகும். அந்த ஆழத்து வண்டல் மண் செடிக்குப் பயன்படும்படி பிடித்துவைக்கும் நீர் 300 முதல் 400 மில்லிமீட்டர்தான். மீதி எங்கே போகிறது? மேல்முனையில் வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்குகிறது, வெயிலில் ஆவியாகிறது, பள்ளங்களில் தேங்குகிறது. மேடான திட்டுகளை நனைப்பதற்காகவே மற்ற இடங்களுக்கு அளவுக்கு மீறிப் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. மிஸ்காவுக்குள் நிலம் சமமாக இருந்தால் இதே தண்ணீரில் இன்னும் பல நூறு ஃபெதான் நனையும்.

கேள்வி: வண்டல் உரம்தானே? அது எப்படித் தொல்லையாகும்?

எந்த இடத்தில் படிகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு லிட்டர் வெள்ளநீரில் 5 கிராம் வண்டல் என்று வைத்துக்கொண்டு மேலே சொன்ன மிஸ்காவுக்கே கணக்குப் போடுவோம். 43 லட்சம் கன மீட்டரில் 21,000 டன்னுக்கும் மேல் வரும். அதைச் சமமாகப் பரப்பினால் 4 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு படலம், நல்ல உரம். ஆனால் சமமாகப் பரவுவதில்லை. வேகம் குறையும் முதல் இடத்திலேயே பருமணல் விழும். அது தலைமதகின் வாய். அடுத்தது கால்வாயின் முதல் சில கிலோமீட்டர், பிறகு மிஸ்காவின் மேல்முனை. நுண்ணிய களி மட்டுமே கடைசிவரை போகும்.

இதனால் மூன்று கேடுகள் வரிசையாக வருகின்றன. தலைமதகின் முன் மணல் மேடானால் ஆற்றில் தண்ணீர் இருந்தும் கால்வாய்க்கு ஏறாது. கால்வாயின் அடிமட்டம் உயர்ந்தால் கரை உடையும். மிஸ்காவின் மேல்முனை உயர்ந்தால் அந்த மேட்டைத் தாண்ட முடியாமல் தண்ணீர் பக்கவாட்டில் புதிய வழி தேடி, கடைநிலம் காய்ந்துபோகும். மேல்முனை நிலம் வைத்திருப்பவருக்கும் கடைநிலக்காரருக்கும் வரும் சண்டையின் வேர் பல நேரம் இந்த மேடுதான்.

தூர் வாருவதிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. அள்ளிய மண்ணைக் கால்வாய்க் கரை விளிம்பிலேயே குவித்துவிடுகிறார்கள். முதல் மழையிலும் காற்றிலும் அது மறுபடி உள்ளேயே சரிகிறது. குவியலைக் கரையிலிருந்து சில மீட்டர் தள்ளிப் போட்டுத் தட்டையாக்க வேண்டும். இன்னொன்று, ஆழமாகத் தோண்டினால் நல்லது என்ற எண்ணம். வடிவமைத்த சரிவை மீறித் தோண்டிய குழியில் நீர் தேங்கி வேகம் இழக்கும். அடுத்த வெள்ளத்தின் வண்டல் முதலில் அங்கேயே விழும். சரிவுக் கோட்டைப் பிடித்து வாருவதுதான் முக்கியம். ஆழம் இரண்டாம் பட்சம்.

கேள்வி: ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்கு மட்டும் தண்ணீர் என்று படித்தேன். மற்ற விவசாயிகள் என்ன செய்வார்கள்?

கால்வாய்ப் பாசனத்துக்கு உட்பட்ட நிலம் ஏறத்தாழ 2,40,000 ஃபெதான், அதாவது ஒரு லட்சம் ஹெக்டேர். மூன்றாண்டுச் சுழற்சியில் ஆண்டுக்கு 80,000 ஃபெதானுக்கு நீர் தருவது திட்டம். மேலே சொன்ன ஒரு மீட்டர் கணக்கில் இதற்கு 33 கோடிக்கு மேல் கன மீட்டர் வேண்டும். சராசரி ஆண்டின் வரத்தில் ஏறக்குறைய பாதி. உச்ச வெள்ளத்தை மதகில் எடுக்க முடியாது, நகரைத் தாண்டிக் கடைமுனைக்கும் போக வேண்டும் என்பதால் அதற்கு மேல் ஆசைப்படுவது கடினம். தூர்ந்த கால்வாய்களால் பல ஆண்டு இந்த இலக்கே எட்டப்படுவதில்லை.

தரிசாக விடும் இரண்டு ஆண்டில் களை குறைகிறது, கால்நடை மேய்கிறது. ஆனால் இவரது நிலம் இதுதான் என்று நிரந்தரமாகக் காட்ட முடியாது. சுழற்சியில் மிஸ்கா மாறும். மிஸ்காவுக்குள்ளும் எந்தப் பகுதி நன்றாக நனைந்ததோ அதையே பங்கிட வேண்டும். ஹதெந்தோவாவை உள்ளடக்கிய பேஜா மக்களில் ‘திவாப்’ என்று சொல்லும் கால்வழிக் குழுக்களுக்குத்தான் நில உரிமை மரபு. குழுத் தலைவர்களான ஷேக்குகள் முன்னின்று பங்கீட்டை நடத்துவார்கள். அடுத்த ஆண்டு கையில் இருக்காத நிலத்தைச் சமப்படுத்த யாரும் பணம் போடமாட்டார்கள். இது அவர்களின் சோம்பல் அல்ல, நியாயமான கணக்கு. 2004இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய திட்டம், குடும்பத்துக்கு 3 ஃபெதான் என்ற உறுதியான உரிமையையும், வாய்க்காலைத் தாங்களே பராமரிக்கும் நீர்ப்பயனாளர் சங்கங்களையும் முன்வைத்தது இதற்காகத்தான். உரிமை உறுதியானால்தான் மிஸ்கா சமமாகும் என்பது எங்கள் கருத்தும்.

கேள்வி: வெள்ளம் வடிந்த நிலத்தில் எப்படி விதைக்கிறார்கள்? பிறகு ஒரு தண்ணீர்கூட விடுவதில்லையா?

விடுவதில்லை. டெல்டாவின் வடபகுதியில் மழையும் மிகக் குறைவு. மண்ணில் உள்ள ஈரம்தான் அறுவடைவரை எல்லாம்.

மண் இரண்டு வகை. ‘லெபாத்’ என்பது இலகுவான வண்டல் மண். நீரை வேகமாக உறிஞ்சும், வேர் எளிதாக இறங்கும். ‘பதோபே’ கனத்த களி. மெதுவாக நனையும், காயும்போது வெடிக்கும். லெபாத் நிலத்துக்குத்தான் மதிப்பு. ஒரு மிஸ்காவில் இரண்டும் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும்.

தண்ணீர் நின்ற பின் கால் புதையாத பதம் வரும்வரை காத்திருப்பார்கள். மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்து, அடியில் பிடித்தால் உருண்டை திரளும் ஈரம் இருக்க வேண்டும். ‘செலூகா’ என்ற துளையிடும் கம்பால் ஈரம் தொடும் ஆழத்துக்குக் குழி போட்டு, நாலைந்து சோள விதை இட்டுக் காலால் மூடுவார்கள். குழிக்குக் குழி முக்கால் மீட்டருக்கும் குறையாத இடைவெளி. நெருக்கி விதைத்தால் தொடக்கத்தில் பயிர் செழிப்பாகத் தெரியும். கதிர் பிடிக்கும் டிசம்பரில் ஈரம் தீர்ந்து பதராகும். இங்கே பெரிதும் பயிராகும் உள்ளூர்ச் சோளம் அக்லமோய்.

பதோபே மண்ணில் தாமதம் ஆபத்து. வெடிப்பு விழுந்துவிட்டால் அதன் வழியே ஆழத்து ஈரமும் ஆவியாகும்; முளைத்த நாற்றின் வேர் வெடிப்பில் அறுபடும். விதைத்த சில வாரத்தில் ஒரு முறை மேலாகக் கொத்திக் களையெடுத்தால் களையும் போகும், மண்ணின் மேற்பரப்பு உடைந்து ஈரமும் நிற்கும். அதற்கு மேல் ஆழமாகக் கிளறக் கூடாது.

சுடுமல்லிக் களையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சூடானில் அதற்கு ‘புதா’ என்று பெயர். சோள வேரில் ஒட்டி உறிஞ்சும். செடி வாடியதைப் பார்க்கும்போது மண்ணுக்குள் கேடு முடிந்திருக்கும். பூக்குமுன் பிடுங்காவிட்டால் ஒரு செடி ஆயிரக்கணக்கான நுண்விதைகளை உதிர்க்கும். அவை பல ஆண்டு மண்ணில் உயிரோடிருக்கும். மூன்றாண்டுச் சுழற்சி இதற்கு முழு மருந்தல்ல. நடுவே அவரை இனப் பயிர் ஒன்றை வைப்பது உதவும். கதிர் முற்றும்போது செவ்வலகுக் குவேலியாப் பறவைகள் கூட்டமாக இறங்கும். அண்டை நிலங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் பரவலாகி ஒருவருக்கு வருவது குறையும். தனித்து முன்னதாகவோ பின்னதாகவோ முற்றும் வயல்தான் முழுதாகப் போகும். அறுவடை ஜனவரி, பிப்ரவரியில்.

கேள்வி: காஷ் டெல்டா பருத்திக்குப் பெயர் பெற்றது அல்லவா? இப்போது ஏன் சோளம்?

1924இல் ஹையாவிலிருந்து கஸ்ஸலாவுக்கு ரயில் பாதை வந்தது. அதே காலத்தில் கஸ்ஸலா பருத்திக் கம்பெனி என்ற ஆங்கிலேய நிறுவனம் கால்வாய்களை வெட்டி நீண்ட இழைப் பருத்தியை விரிவாக்கியது. வெளியாட்களுக்குக் குத்தகை போனதில் ஹதெந்தோவா மக்கள் கொதித்தார்கள். 1920களின் இறுதியில் கம்பெனி விலக, அரசின் காஷ் வாரியம் நிர்வாகத்தை ஏற்றது. பிறகு பருத்தி விலையும் நோய்களும் பாசனச் சீர்குலைவும் சேர்ந்து அழுத்த, ஆமணக்கு அதன் இடத்தைப் பிடித்தது. அதன் பின் சோளம். பஞ்ச காலங்களுக்குப் பின் தானியம் கையில் இருக்க வேண்டும் என்று குடும்பங்கள் முடிவெடுத்தன. சோளத்தட்டை கால்நடைக்கும் ஆகிறது. ஈரம் பாதியில் தீர்ந்தாலும் தட்டையாவது மிஞ்சும். பருத்தியில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

கேள்வி: சீமைக்கருவேலம் அங்கேயும் பரவியிருக்கிறதாமே? எப்படி ஒழிப்பது?

ஆம். 1917இல் சூடானுக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் மணல் நகர்வைத் தடுக்கக் கிழக்குச் சூடானில் காப்பு வரிசைகளாக நடப்பட்டது. கால்நடை இனிப்பான நெற்றைத் தின்று, வெடிக்காத விதையைச் சாணத்தோடு போகிற இடமெல்லாம் போட்டது. வெள்ளநீர் மிச்சத்தைப் பரப்பியது. 1995இல் அதை ஒழிக்க அரசே முடிவெடுத்தது.

பாசனக் கால்வாயில் இதன் தீமை நீரை உறிஞ்சுவது மட்டுமல்ல. வாய்க்காலுக்குள் தழைத்த புதர் ஓட்டத்தைத் தடுத்து வண்டலைப் பிடிக்கிறது. பிடித்த வண்டலில் மேலும் முளைக்கிறது. இரண்டு ஆண்டு கவனிக்காமல் விட்ட கிளைவாய்க்கால் இருந்த இடமே தெரியாது.

தரைமட்டத்தில் வெட்டினால் ஒரு தண்டுக்குப் பத்துத் துளிர் வரும். துளிர்க்கும் மொட்டுகள் தரைக்கு அடியில் வேர்க்கழுத்தில் உள்ளன. சுற்றிலும் மண்ணைத் தோண்டி, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீழே வேரை அறுத்து எடுக்க வேண்டும். நாற்றுகளை வெள்ளம் வடிந்தவுடன் ஈர மண்ணிலிருந்து வேரோடு பிடுங்குவது மிக எளிது. இரண்டு மாதம் போனால் கடப்பாரை தேவைப்படும். புதர் மண்டிய இடத்தில் மேய்ந்த மந்தையைச் சுத்தமான மிஸ்காவுக்கு ஓட்டுமுன் ஒரு வாரமாவது பட்டியில் வைத்து விதை கழிய விட வேண்டும். வெட்டிய நிலத்தில் உடனே பயிர் வைக்காவிட்டால் உழைப்பு அத்தனையும் பாழ்; மண்ணில் தங்கிய விதை மறு வெள்ளத்தில் முளைக்கும்.

ஓர் எச்சரிக்கை. டெல்டாவின் ஓரங்களில் மணற்குன்றை நிறுத்தியிருப்பதும் இந்த மரம்தான். ஏழைக் குடும்பங்களுக்குக் கரியும் விறகும் தருவதும் இதுதான். கால்வாயிலும் மிஸ்காவிலும் ஒன்றுகூட விடக் கூடாது. ஓரத்துக் காப்பு வரிசையை மாற்று மரம் வளர்ந்த பின்பே தொட வேண்டும்.

கேள்வி: கஸ்ஸலா நகரில் வெள்ளம் புகுவது ஏன்?

2003 ஜூலை கடைசியில் கரை உடைந்து நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. ஆயிரக்கணக்கான வீடுகள் இடிந்தன. மழை மிகுதி உடனடிக் காரணம். நீண்டகாலக் காரணம் ஆற்றுப்படுகை உயர்ந்துகொண்டே போவது. நகரத்துக்குள் கரைகளுக்கு நடுவே நெருக்கப்பட்ட ஆறு வண்டலை அங்கேயே போடுகிறது, படுகை ஏறுகிறது, கரையை உயர்த்துகிறார்கள், மறுபடி படுகை ஏறுகிறது. பல இடங்களில் தெருவைவிட ஆற்றுப்படுகை உயரத்தில் கிடக்கிறது.

கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டும் கல்தடுப்புகள் ஓட்டத்தை நடுவே தள்ளி, கரையை அரிப்பிலிருந்து காத்து, நடுப்படுகையை ஆழமாக்கும். அவை இடிவது பெரும்பாலும் நுனியில்தான். சுழல் அங்கே குழி பறிக்கும்போது கல் சரிந்து விழும். நுனியைச் சுற்றிப் படுகையின் மேல் கம்பிவலைக் கல்பெட்டிகளைப் பாய்போல விரித்து வைத்தால், குழி விழும்போது அவை சரிந்து குழியைத் தாமே மூடும். இந்த விரிப்பைச் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டால் தடுப்பு முழுதும் போகும். மணல் அள்ளுவோர் தடுப்பின் அடியில் தோண்டுவதும் அதே கேட்டைத் தரும்.

கேள்வி: பாலைவன ஓரத்தில் வாழையும் எலுமிச்சையும் எப்படி?

கிணறுதான் காரணம். கஸ்ஸலாவைச் சுற்றி ஆற்றின் இருபுறமும் மணலும் சரளையும் கலந்த நீர்ப்படுகை உண்டு. அடியில் கெட்டிப் பாறை. வெள்ளம் ஓடும் மூன்று மாதம் மட்டுமே அதில் நீர் ஊறும். மற்ற மாதம் முழுதும் எடுப்புத்தான். ‘சவாகி’ என்று அழைக்கப்படும் இந்தத் தோட்டங்களில் வாழை, எலுமிச்சை வகைகள், மா, வெங்காயம், தக்காளி விளைகின்றன. வெங்காயம் சூடான் எங்கும் போகிறது.

கிணற்று மட்டத்தை ஜூன் மாதத்தில், வெள்ளத்துக்குச் சற்று முன் அளக்க வேண்டும். அதுதான் ஆண்டின் அடிமட்டம். அக்டோபரில் அளந்துவிட்டு நீர் நிறைய இருக்கிறது என்று வாழையை விரிவாக்குவோர் மே மாதத்தில் தவிப்பார்கள். ஆற்றிலிருந்து விலக விலக ஊற்றம் தாமதமாகும், உப்பும் ஏறும். வாழை உப்புக்கு முதலில் பணியும். இலை விளிம்பு கருகுவது அதன் முதல் அடையாளம். ஒவ்வொரு ஜூனும் மட்டம் முந்தைய ஆண்டைவிட இறங்கினால், புதுக் கிணறு தோண்டுவது அண்டைக்காரரின் நீரை எடுப்பதே தவிர வேறல்ல.

கேள்வி: பெரிய அணை ஒன்று கட்டினால் எல்லாம் தீருமே?

பக்கத்து அத்பரா ஆற்றில் அதற்கு விடை உள்ளது. எகிப்தின் அஸ்வான் உயரணை நீரில் மூழ்கிய வாதி ஹல்ஃபாவிலிருந்து பெயர்க்கப்பட்ட நூபியர்களுக்காக 1964இல் முடிந்த கஷ்ம் எல் கிர்பா அணை 130 கோடி கன மீட்டர் கொள்ளளவோடு தொடங்கியது. சில பத்தாண்டுகளில் அதில் ஏறக்குறைய பாதியை வண்டல் தின்றுவிட்டது. காஷின் வண்டல் அதற்குக் குறைந்ததல்ல. மேலும், அணையில் வண்டல் தங்கிவிட்டால் லெபாத் மண்ணுக்குப் புது ஊட்டம் வராது, கடைமுனை மேய்ச்சலும் காயும். மேட்டுநிலத்தில் கல்வரப்பும் படிக்கட்டு நிலமும் அமைத்து மண்ணைப் பிறந்த இடத்திலேயே நிறுத்துவது மெதுவான வழி. ஆனாலும் நிலைக்கும் வழி அதுதான்.

அதற்கு எரித்திரியா, எத்தியோப்பியா, சூடான் மூன்றும் சேர வேண்டும். ஆற்றைப் பங்கிடும் உடன்பாடு இருந்தது: 1925இல் சூடானை ஆண்ட பிரிட்டனும் எரித்திரியாவை ஆண்ட இத்தாலியும் கடிதப் பரிமாற்றம் செய்துகொண்டு, தெசெனெய் பாசனத்துக்கு ஆண்டுக்கு 6.5 கோடி கன மீட்டர்வரை எடுக்கலாம் என்று வரையறுத்தன. அது குடியேற்ற அரசுகள் தண்ணீரை மட்டும் பேசிய உடன்பாடு.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் செயற்கைக்கோள் படத்தில் இவற்றையெல்லாம் மாணவர்கள் பார்க்க முடியுமா?

நன்றாகப் பார்க்கலாம். கஸ்ஸலா ஏறத்தாழ 15.45 பாகை வடக்கு, 36.4 பாகை கிழக்கு. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்கள் இலவசம். 10 மீட்டர் அளவுள்ள பொருள்வரை தெரியும். ஒரே ஆண்டின் மூன்று படங்களை எடுங்கள். ஆகஸ்ட் மாதத்தில் மேகமில்லாத நாளைத் தேடினால் எந்தக் கால்வாயில் நீர் ஓடுகிறது, எங்கே கரை உடைந்து பக்கவாட்டில் பரவுகிறது என்பது தெரியும். நவம்பர் படத்தில் பச்சையான நீண்ட பட்டைகள் அந்த ஆண்டின் மிஸ்காக்கள்; பட்டையின் கடைமுனை வெளிறியிருந்தால் தண்ணீர் அதுவரை எட்டவில்லை. ஏப்ரல் படத்தில் சோளம் இருக்காது. அப்போதும் பச்சையாக நிற்பவை இரண்டே: ஆற்றை ஒட்டிச் சதுரம் சதுரமாக இருந்தால் கிணற்றுத் தோட்டம், கால்வாய் ஓரமாகவும் மிஸ்காவுக்குள்ளும் ஒழுங்கற்றுப் பரவியிருந்தால் சீமைக்கருவேலம். அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளின் நவம்பர் படங்களை அடுக்கிப் பார்த்தால் சுழற்சி தெரியும்; மூன்று ஆண்டிலும் பச்சை விழாத மிஸ்கா இருந்தால், அதற்குப் போகும் கால்வாயைத் தலைமதகுவரை பின்தொடர்ந்து எங்கே தூர்ந்திருக்கிறது என்று தேடுங்கள்.